பெயரைக் கேட்டு 'சீ' என்று ஒதுக்காதீங்க! காலைப் பசிக்கு மலிவா ஒரு தட்டு 'சீ சோங் ஃபன்'

கோலாலம்பூர்: பெயரைச் சொன்னாலே நம்மில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். அர்த்தம் தெரிந்தவர்கள் இன்னும் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். காலைச் சந்தையிலும் பாசார் மாலாமிலும் ஆவி பறக்க விற்கிற 'சீ சோங் ஃபன்' பற்றித்தான் சொல்கிறோம்.

சீன மொழியில் இதற்குப் 'பன்றிக் குடல் மாவு' என்று அர்த்தம். ஆனால் சாதா சீ சோங் ஃபன்னுக்குள் பன்றியும் கிடையாது, குடலும் கிடையாது. அரிசி மாவைக் கரைத்து ஆவியில் வேக வைத்துச் சுருட்டியது. அவ்வளவுதான்!

செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியில் ஜாகா வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரை நமக்குத் தெரியும். வயது 60ஐத் தாண்டிவிட்டது. மேல் பல் செட்டு. ராத்திரி வேலை முடிந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சீன மூதாட்டியின் ஒட்டுக்கடை. கடையைத் தாண்டிப் போய், வீட்டில் நாலு பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

"எட்டு வருஷமா அந்தக் கடையைத் தாண்டித்தான் தம்பி போறேன். வாசனை நல்லாத்தான் வரும். ஆனா பன்னிக் குடலாமே! நமக்கு ஆகாதே" என்றார்.

எட்டு வருஷப் பசியாறல், ஒரு பெயரால் போயிருக்கிறது. அன்று காலை அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

பெயர் வந்த கதை

'சீ' என்றால் பன்றி. 'சோங்' என்றால் குடல். 'ஃபன்' என்றால் மாவு, அரிசி மாவில் செய்த பண்டம். மெல்லிய மாவுத் தாளைச் சுருட்டி வைத்தால் வெள்ளையாக, நீளமாக, மினுமினு என்று இருக்கும். பார்க்கக் கழுவிய குடல் மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாமும் இப்படிப் பெயர் வைப்பவர்கள்தானே? ஆட்டுக்கல்லில் ஆடு இல்லை. பஞ்சு மிட்டாயில் பஞ்சு இல்லை. பேரைப் பார்த்து யாராவது பயப்படுகிறோமா?

இதன் தாய் வீடு தென் சீனாவில் உள்ள குவாங்டோங் மாநிலம். 19ஆம் நூற்றாண்டில் பேராவிலும் சிலாங்கூரிலும் ஈய லம்பங்களில் வேலை செய்ய அந்தப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கூடவே அவர்கள் ஊர்ப் பலகாரங்களும் வந்தன. நம்மவர்கள் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்தபோது இட்லியையும் புட்டையும் கொண்டுவந்த மாதிரிதான்.

இட்லித் துணி வித்தை இங்கேயும் உண்டு

செய்முறையைக் கேட்டால் நம் வீட்டு அடுப்படி ஞாபகம் வரும்.

அரிசியை ஊற வைத்துத் தண்ணீர் விட்டு நைசாக அரைப்பது பழைய முறை. இப்போது பலர் அரிசி மாவையே கரைக்கிறார்கள். உடையாமல் வழவழப்பாக வர மரவள்ளி மாவோ, கோதுமையிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச் மாவோ கொஞ்சம் சேர்ப்பார்கள். உப்பு, ஒரு சொட்டு எண்ணெய். புளிக்க வைப்பதில்லை. இட்லி மாவு கெட்டி கிடையாது, ரவா தோசை மாவு மாதிரி தண்ணியாக இருக்கும்.

எண்ணெய் தடவிய தகரத் தட்டில் மாவை மெல்லிசாக ஊற்றி ஆவிப் பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாவு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தட்டை வெளியே இழுத்து, தகட்டால் வழித்துச் சுருட்டினால் வேலை முடிந்தது.

சில இடங்களில் தட்டுக்குப் பதில் துணி. ஆவிக்கு மேலே துணியை விரித்து மாவை ஊற்றி, வெந்ததும் எண்ணெய் தடவிய மேசையில் கவிழ்த்துத் துணியை உரிப்பார்கள். நம் பாட்டிமார் இட்லித் தட்டில் துணி போட்டு ஊற்றினார்களே, அதே வித்தை!

எல்லாக் கடையிலும் அங்கேயே செய்வதில்லை. விடியற்காலையில் பட்டறையிலிருந்து சுருட்டி வரும் ஃபன்னை வாங்கி, ஆவியில் சூடாக வைத்து, கத்திரிக்கோலால் நறுக்கிக் கொடுக்கும் கடைகள் ஏராளம். நாம் போன கடையும் அப்படித்தான். கத்திரி 'கிரிச் கிரிச்' என்று ஓட, ஒரு நிமிடத்தில் தட்டு கைக்கு வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் ஒரு ருசி

சீ சோங் ஃபன்னுக்குத் தனி ருசி குறைவு. சப்பென்றுதான் இருக்கும். ருசி முழுக்க மேலே ஊற்றுவதில் இருக்கிறது. அதனால்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கோலாலம்பூர்: சிவப்பு நிற இனிப்புக் குழம்பு, மிளகாய்ச் சாந்து, மேலே வறுத்த எள், பொரித்த சின்ன வெங்காயம். பக்கத்திலேயே மீன் மாவு அடைத்த தவ்வு, வெண்டைக்காய், கத்தரிக்காய் வைத்திருப்பார்கள். அதுதான் யோங் தவ் ஃபூ. கறிக் குழம்பு ஊற்றித் தரும் கடைகளும் உண்டு.

பினாங்கு: கறுப்பாக, பாகு மாதிரி கெட்டியாக ஒன்றை ஊற்றுவார்கள். அது இறால் சாந்து. 'ஹே கோ' என்பார்கள். ரோஜாக்கிலும் ஆசாம் லக்சாவிலும் சேர்ப்பது இதுதான். இனிப்பு, உப்பு, காரம், இறால் வாசனை எல்லாம் ஒரே வாயில். முதல் தடவை சாப்பிடுபவருக்கு அந்த வாசனை தூக்கலாகத் தெரியலாம்.

ஈப்போ: காளான் குழம்பு, கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் ஊறிய பச்சை மிளகாய் இருக்கும்.

தெலுக் இந்தான்: சாய்ந்த கோபுரம் இருக்கிற அதே ஊர்தான். இங்கே குழம்பே வேண்டாம். காய்ந்த இறால், செங்குவாங் கிழங்கு, பொரித்த வெங்காயம் எல்லாம் ஃபன்னோடு சேர்ந்தே இருக்கும். ஊறிய பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு அப்படியே சாப்பிடலாம். வெளியூர்க்காரர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போவார்கள்.

ஹாங்காங் பாணி: உள்ளே இறாலோ 'சார் சியூ' பன்றி இறைச்சியோ வைத்துச் சுருட்டி, மேலே கிச்சாப் ஊற்றுவது. பன்றி வேண்டாம் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'உள்ளே ஒன்றும் இல்லாத சாதா ஃபன்' என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்க.

பையில் எவ்வளவு இருக்கணும்?

நாம் அன்று ஒரு சாதா தட்டுக்குக் கொடுத்தது 3 வெள்ளி 50 காசு. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் விலை மாறும். பலகையைப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025ல்தான் 1,700 வெள்ளி ஆனது. அதில் வாடகை, பஸ், கரண்ட் பில் போக, காலைப் பசியாறலுக்கு ஒரு வெள்ளி மிச்சம் என்றாலும் மாதக் கடைசியில் தெரியும். அந்த விதத்தில் இது நல்ல பண்டம். எண்ணெயில் பொரித்தது இல்லை. அதிகம் மெல்ல வேண்டியதும் இல்லை. பல் போனவர்களும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் இருக்கிற யோங் தவ் ஃபூ துண்டுகளுக்குத் தனித்தனி விலை. கண்ணில் பட்டதை எல்லாம் தட்டில் போட்டால் மலிவுப் பசியாறல் பில் கொடுக்கும்போது தலைகீழாகிவிடும். துண்டு எவ்வளவு என்று முதலில் கேளுங்க, பிறகு எடுங்க.

பன்றி இல்லை என்றால் எல்லோரும் சாப்பிடலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மாவில் பன்றி இல்லை என்பது உண்மை. ஆனால் வேறு வழியில் உள்ளே வரலாம்.

முதலில் எண்ணெய். மேலே தெளிக்கிற வெங்காய எண்ணெயைச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் காய்ச்சுவார்கள். ருசிக்காகச் செய்வது. பல கடைகள் சாதா சமையல் எண்ணெய்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாயைத் திறந்து கேட்பதுதான் வழி.

அடுத்து அதே கத்திரி, அதே பலகை. ஹாங்காங் பாணி விற்கிற கடையில் பன்றி இறைச்சி நறுக்கிய கத்திரியிலேயே நமக்கும் நறுக்கலாம்.

முஸ்லிம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று கடையில் எழுதிப் போட்டிருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. ஜாக்கிம் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. முஸ்லிம்களே நடத்தும் சீ சோங் ஃபன் கடைகளும் இப்போது இருக்கின்றன.

இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் பினாங்குக் குழம்பையும் தெலுக் இந்தான் வகையையும் தொட வேண்டாம். மிளகாய்ச் சாந்திலும் காய்ந்த இறால் இருக்கலாம்.

புரட்டாசிக்காரர்களுக்கு மஞ்சள் கொடி!

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாக் கடை சரிப்படாது. குழம்பில் இறால், சிப்பிச் சாறு, மீன் ஏதாவது ஒன்று கலந்திருக்கலாம். ஆனால் சீன சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே காளான் போட்ட சீ சோங் ஃபன் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். புத்த முறைப்படி சமைக்கிறவர்கள் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை.

நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டித்தான் சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவும் வரும். சீன நாட்காட்டியில் 9ஆம் மாதத்தின் முதல் 9 நாட்கள். அந்த நாட்களில் சைவம் விற்கும் கடைகள் மஞ்சள் கொடி கட்டி வைப்பார்கள். கொடியைப் பார்த்தால் அங்கே போய்ச் சைவ ஃபன் இருக்கா என்று கேட்கலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனம்

ஆவியில் வெந்தது என்பதால் உடம்புக்கு ரொம்ப நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. தட்டில் இருப்பது முக்கால்வாசி மாவுச் சத்து. மேலே சர்க்கரைக் குழம்பு. நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம்தான்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியர்களிடம் அந்த அளவு இன்னும் அதிகம்.

அதற்காகத் தொடவே கூடாது என்றில்லை. அரைத் தட்டு வாங்குங்க. குழம்பைத் தனியாகக் கேட்டுத் தொட்டுச் சாப்பிடுங்க. கூட ஒரு தவ்வுத் துண்டோ அவித்த முட்டையோ இருந்தால் வயிறும் தாங்கும். சீனி போட்ட தே தண்ணீரை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு வைக்காதீங்க!

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஈரமான அரிசி மாவுப் பண்டம் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெடும். கெட்டது சில நேரம் வாசனையிலும் தெரியாது.

பேராக்காரர்களுக்கு 1988 மறந்திருக்காது. 'லோ ஷி ஃபன்' என்ற அரிசி மாவு மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். 'அஃப்லாடாக்சின்' என்ற பூஞ்சை நச்சு ஈரலைத் தாக்கியதாக ஆய்வில் தெரியவந்தது.

சமீபத்திலும் நடந்திருக்கிறது. 2024 மார்ச்சில் தைவானின் தைப்பே நகரில் ஓர் உணவகத்தில் குவே தியாவ் சாப்பிட்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். சிலர் உயிரே போனது. காரணம் 'போங்கிரெக்கிக் அமிலம்' என்ற நச்சு. ஈர அரிசி மீயைச் சூடான இடத்தில் ரொம்ப நேரம் வைத்தால் ஒரு வகைக் கிருமி வளர்ந்து இந்த நச்சை உண்டாக்கும். வாசனை இல்லை, ருசி மாற்றம் இல்லை. திரும்பக் கொதிக்க வைத்தாலும் நச்சு போகாது!

பயந்து ஓட வேண்டாம். இப்படி நடப்பது அபூர்வம். காலையில் செய்ததைக் காலையிலேயே சாப்பிடுகிறவருக்குக் கவலை குறைவு. தப்பாவ் வாங்கி லாரியிலும் மோட்டார் பெட்டியிலும் மத்தியானம் வரை வைத்திருப்பதுதான் தப்பு. வைத்தே ஆகணும் என்றால் உடனே 4 டிகிரிக்கு மேல் போகாத குளிர்பெட்டிக்குள் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்க. குளிர்ந்தால் ஆறிப்போன இடியாப்பம் மாதிரி விறைத்துவிடும். ஆவியில் காட்டினால் இளகும். பிசுபிசு என்று நூல் வந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்க. வாடை வரவில்லை என்பதற்காகப் பழையதைச் சாப்பிடவும் வேண்டாம்.

கடையில் எப்படிக் கேட்பது?

சீன மொழி தெரிய வேண்டியதில்லை. மலாயிலேயே கேட்கலாம்.

* "மின்யாக் பாபி அடா?" - பன்றிக் கொழுப்பு எண்ணெய் இருக்கா?

* "உடாங் அடா?" - இறால் இருக்கா?

* "இனி புவாட் ஹாரி இனி கா?" - இது இன்றைக்குச் செய்ததா?

* "குவா அசிங்" - குழம்பைத் தனியாகக் கொடுங்க.

* "குவா மானிஸ் சிகிட் சாஜா" - இனிப்புக் குழம்பு கொஞ்சம் போதும்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான்.

வீட்டில் செய்து பார்க்க

கடை மேல் நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கப் அரிசி மாவு, 2 மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், இரண்டரைக் கப் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வையுங்க. எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் மெல்லிசாக ஊற்றி, இட்லிச் சட்டியில் மூடி 3 நிமிடம். மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு ஊற்றணும். இதை மறந்தால் முதல் தட்டு தண்ணியாகவும் கடைசித் தட்டு கல்லாகவும் வரும். ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சுருட்டினால் கிழியாது.

மேலே இனிப்புக் குழம்புதான் ஊற்றணும் என்று சட்டம் இல்லை. நேற்றைய மீன் குழம்பைச் சுட வைத்து ஊற்றிப் பாருங்க. பிள்ளைகள் இன்னொரு தட்டு கேட்கும்!

பெரியவர் என்ன சொன்னார்?

செந்தூல் கடைக்குத் திரும்புவோம். "மின்யாக் பாபி அடா?" என்று நாம் கேட்டதும் மூதாட்டி சிரித்துக்கொண்டே அடியிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினார். கடையில் விற்கிற சாதாச் சமையல் எண்ணெய். அதற்குப் பிறகுதான் பெரியவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்தார்.

முதல் துண்டை முள்கரண்டியால் குத்தினார், வழுக்கி விழுந்தது. மறுபடி குத்தினார், மறுபடி விழுந்தது. பிறகு கரண்டி கேட்டு வாங்கி, குழம்பில் புரட்டி வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்ன தம்பி இது, நம்ம கொழுக்கட்டை மேல்மாவு மாதிரியே இருக்கு! கொஞ்சம் வழவழன்னு போகுது. காரம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்" என்றவர், மிளகாய்ச் சாந்தை இன்னொரு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். தட்டில் எள்ளுகூட மிச்சமில்லை.

இனிப்புக் குழம்பு மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. "பசியாற உட்கார்ந்தா பாயசம் ஊத்துறாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தான். எல்லோருக்கும் பிடிக்கும் என்று நாம் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் தின்று பார்த்துவிட்டுச் சொல்வது வேறு, பெயரைக் கேட்டே ஒதுங்குவது வேறு.

ஒரு வாரம் கழித்து அந்த வழியே போனபோது அதே நாற்காலியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. சாதாத் தட்டு, குழம்பு குறைவு, மிளகாய் இரண்டு கரண்டி. தானாகவே வந்தது.